ஓர் அபேட்சகரின் கொள்கைகளை எடைபோடுவது எவ்வாறு?

தேர்தல் நெருங்கினால் குருமனை வாசலில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: “சுவாமி, இம்முறை யாருக்குப் போடுவது?” பெயர் சொல்லிப் பதில் கூறுவது குருவின் வேலையுமல்ல, இப்பத்திரிகையின் வேலையுமல்ல. ஆனால் ஓர் அபேட்சகர் முன்வைக்கும் கொள்கைகளை எவ்வாறு எடைபோடுவது என்பதைப் படித்துக்கொள்வது கிறிஸ்தவனுக்குக் கடமையே. அதற்கு நடந்து முடிந்த ஒரு தேர்தலை எடுத்துக்கொள்வோம். எவருக்கோ பிரசாரம் செய்கிறோம் என்ற பழி வராது. கொள்கைகள் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதையும் கூடவே பார்த்துவிடலாம்.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் ஜாதிக ஹெல உறுமய என்னும் கட்சி இருநூறுக்கு மேற்பட்ட பௌத்த பிக்குமாரை அபேட்சகர்களாக நிறுத்தியது. கட்சி பிறந்து அப்போது இரண்டு மாதந்தான். ஆயினும் 5 இலட்சத்து 52 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளும் ஒன்பது ஆசனங்களும் கிடைத்தன. 225 பேர் கொண்ட சபையில் ஒன்பது என்ன பெரிது என்று கேட்பீர்கள். ஆட்சியமைத்த கூட்டமைப்புக்கு அன்று 105 ஆசனங்களே இருந்தன. அம்மாதம் 22ஆம் திகதி நடந்த சபாநாயகர் தெரிவு 110க்கு 109 என ஒரே வாக்கில் தீர்ந்தது. சின்னக் கட்சியின் கொள்கை சின்னக் காரியமல்ல.

இக்கட்சிக்கு வாக்களித்தவர்கள் எல்லாரும் துவேஷிகள் என்று எண்ணிவிடவேண்டாம். அப்படி எண்ணுவது சோம்பேறித்தனம். குடிப்பழக்கத்தையும் அரசியல்வாதிகளின் ஒழுக்கக்கேட்டையும் கண்டித்துப் போதித்த கங்கொடவில சோம தேரரைச் சிங்கள மக்கள் பலர் உயிராய் மதித்தார்கள். அவர் 2003 டிசம்பர் 12ஆம் திகதி ரஷ்யாவில் இறந்தார். மாரடைப்பு என்றார்கள் வைத்தியர்கள். கிறிஸ்தவர்களின் சதி என்றது வதந்தி. அந்த நத்தார் காலத்தில் ஆலயங்கள் தாக்கப்பட்டன. அந்தத் துக்கத்தோடும் அந்தக் கோபத்தோடுமே பலர் வாக்குச் சாவடிக்குப் போனார்கள்.

இனிக் கொள்கைகளைப் பார்ப்போம். முதலாவது மதுவும் புகையிலையும். இவற்றைக் கட்டுப்படுத்தவேண்டும் என்று இக்கட்சி விடாமல் வற்புறுத்தியது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்குச் சாராயமும் சிகரெட்டும் விற்பதைத் தடுத்தது, விளம்பரங்களை நிறுத்தியது, மூடிய பொது இடங்களில் புகைப்பதைக் குற்றமாக்கியது. கூலிப் பணம் மாலையில் தவறணைக்கோ கசிப்புக்கோ போய்விட, அடுப்புப் பற்றாமல் இருக்கும் வீடுகளை நமது கிராமங்களிலும் அறிவோம். இதில் பிக்குமாரோடு நமக்குச் சண்டை இல்லை. நல்லதை எவர் சொன்னாலும் நல்லதுதான்.

யுத்தநிறுத்தத்தையும் நோர்வேயின் மத்தியஸ்தத்தையும் சமஷ்டியையும் அவர்கள் எதிர்த்தது தெரிந்ததே. 2005இல் சுனாமி நிவாரணத்துக்காக அரசும் புலிகளும் பொதுக்கட்டமைப்பு ஒன்றுக்கு உடன்பட முனைந்தபோது, ஓமல்பே சோபித தேரர் கண்டியில் உண்ணாவிரதம் இருந்தார். தமிழ் வாக்காளருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. விளக்கவேண்டியது வேறொன்று உண்டு.

மேற்படி சோபித தேரர் 2004 ஜூலையில் ‘பலவந்த மதமாற்றத் தடை’ச் சட்டமூலத்தைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தார். பெயரைக் கேட்டால் எவரும் தலையசைப்பர். பலவந்தமாக மதம் மாற்றுவது சரி என்று எந்தக் கத்தோலிக்கன் சொல்வான்? இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965இல் வெளியிட்ட சமய சுதந்திரப் பிரகடனத்தில், விசுவாசத்தைப் பரப்பும்போது வற்புறுத்தலோ, ஏழை எளியவரின் நிலையைப் பயன்படுத்தும் நேர்மையற்ற தூண்டுதலோ கூடாது என்று போதித்திருக்கிறது. ஆகவே தலைப்போடு நில்லாமல் உள்ளே படிக்கவேண்டும்.

உள்ளே என்ன இருந்தது? பலவந்தம், ஆசைகாட்டல், மோசடி ஆகியவற்றால் மதம் மாற்றுவோருக்கு ஐந்து ஆண்டுவரை சிறையும் ஒன்றரை இலட்சம் ரூபாவரை அபராதமும். மாற்றப்பட்டவர் பராயமடையாதவராகவோ அட்டவணையிற் குறித்த வேறு பிரிவினராகவோ இருந்தால் ஏழு ஆண்டும் ஐந்து இலட்சமும். ‘ஆசைகாட்டல்’ என்றால் என்ன? பணமோ பொருளோ வேறு உலக நன்மையோ கொடுப்பது. ‘பலவந்தம்’ என்பதற்குள் மதநிந்தையைச் சொல்லிப் பயமுறுத்துவதும் அடங்கும். இதற்கு மேலாக, மதம் மாறுபவரும் மாற்றும் சடங்கை நடத்துபவரும் பிரதேச செயலாளருக்கு அறிவிக்கவேண்டும், அறிவிக்காவிட்டால் தண்டனை.

வாசகர்களே, இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். தம்பிலுவிலில் வளர்ந்த ஓர் இளைஞன் பல மாதம் ஞானோபதேசம் படித்து, பாஸ்கு இரவில் ஞானஸ்நானம் பெறுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனும் ஞானஸ்நானம் கொடுத்த குருவும் திருக்கோவில் பிரதேச செயலகத்துக்கு அறிவிக்காவிட்டால் குற்றவாளிகள். முன்னர் எப்போதாவது அவனுடைய தாய்க்குப் பங்கின் ஏழைகள் நிதியிலிருந்து அரிசி மூட்டை கொடுத்திருந்தால், அது அன்பா, ஆசைகாட்டலா? தீர்ப்பது யார்? அரிசி கொடுத்த கையின் நினைவை ஒரு பொலிஸ்காரர் எப்படி அளப்பார்? சட்டமூலம் வந்த ஐந்தாம் மாதத்திலேயே சுனாமி வந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சாதி சமயம் பாராமல் சோறும் கூடாரமும் கொடுத்த அந்த நாட்களில் இச்சட்டம் அமுலில் இருந்திருந்தால், எத்தனை முறைப்பாடுகள் எழுதப்பட்டிருக்கும்!

ஆயர்கள் அன்று எடுத்த நிலை தெளிவானது: நேர்மையற்ற மதமாற்றம் தவறு, அதற்கு இத்தகைய சட்டம் மருந்தல்ல. உயர் நீதிமன்றத்தில் பல மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. 2004 ஆகஸ்டில் நீதிமன்றம், அறிவிக்கும் கடமையும் அதற்கான தண்டனையும் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரைக்கு, அதாவது சிந்தனை, மனச்சாட்சி, மத சுதந்திரத்துக்கு, முரணானவை என்றது. அவற்றை நிறைவேற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் வேண்டும் என்றது. வேறு சில வரைவிலக்கணங்களையும் திருத்தச் சொன்னது. அவ்வாண்டு ஒக்டோபரில் அதே கட்சி அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றையும் வர்த்தமானியில் வெளியிட்டது. பௌத்தர் தம் பிள்ளைகளைப் பௌத்தராகவே வளர்க்கக் கடமைப்பட்டவர் என்றும், பௌத்தரிடையே வேறு வழிபாட்டைப் பரப்புவது தடை என்றும் அதில் இருந்தது. கலப்பு மணம் செய்த குடும்பங்கள் இதன் பொருளை உடனே உணரும். அதற்கும் மக்கள் தீர்ப்பு வேண்டுமென நீதிமன்றம் சொன்னது. இரண்டும் சட்டமாகாமலே 2010இல் அப்பாராளுமன்றம் கலைந்தது.

நீதிமன்றம் எப்போதும் நம் பக்கம் நின்றது என்று நினைக்கவும் கூடாது. 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் தம் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்கக் கேட்டபோது, மதத்தைப் பரப்புவதும் அதோடு பொருளுதவி செய்வதும் சேர்ந்துவருகிறது என்று அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. கன்னியர் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவுக்குச் சென்றார்கள். 2005 ஒக்டோபரில் குழு அவர்களின் மத சுதந்திரம் மீறப்பட்டது என்று கூறியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த கன்னியருக்கே அந்தப் பாடு.

சங்கடமான ஒரு சங்கதியையும் மறைக்காமல் எழுதவேண்டும். நம்மவர்களிலும் சிலருக்கு அச்சட்டமூலம் உள்ளூர இனித்தது. புதிய சபைகள் வீடுவீடாக வந்து நம் பங்கின் குடும்பங்களை இழுத்துப்போகின்றன என்ற ஆத்திரம் அவர்களுக்கு. “அவர்களை அடக்கட்டும், நம்மைத் தொடமாட்டார்கள்” என்ற கணக்கு. சட்டத்துக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. செபக்கூட்டம் நடத்தும் தகரக் கொட்டகைக்கும் நூறாண்டுக் கோவிலுக்கும் அதே பிரிவு, அதே அபராதம். ஒரு குடும்பம் நம் பங்கை விட்டுப் போனால், அவ்வீட்டில் நோயும் மரணமும் வந்தபோது நம்மில் யார் அந்த வாசலை மிதித்தோம் என்று கேட்கலாம். பிரதேச செயலாளரைக் கூப்பிடுவது அதற்குப் பதிலாகாது.

நமக்கு மிக அருகே நடந்த ஒன்றும் இதே பாடத்தில் அடங்கும். தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோவிலிலிருந்து வடக்கே போனால் சற்றுத் தொலைவில் அக்கரைப்பற்று. அப்பக்கத்து நுரைச்சோலையில், சுனாமியில் வீடிழந்தவர்களுக்கென்று சவூதி அரேபியாவின் பணத்தில் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவை முஸ்லிம் குடும்பங்களுக்கென ஒதுக்கப்பட்டபோது, ஹெல உறுமயவின் எல்லாவல மேதானந்த தேரர் முதலானோர் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். நிலம் தீகவாபி விகாரையைச் சார்ந்தது என்றும், அரச காணியில் ஓர் இனத்துக்கு மாத்திரம் வீடு கொடுப்பது சமத்துவமல்ல என்றும் வாதித்தார்கள். இரண்டாவது வாதத்தை அலட்சியம் செய்ய முடியாது. வீடிழந்த தமிழருக்கும் அதே கேள்வி இருந்திருக்கும். ஆனால் ஒரு கொள்கையைச் சொல்பவர் அதை எங்கெல்லாம் சொல்கிறார், எங்கே வாய் மூடுகிறார் என்று பார்ப்பதும் ஆராய்ச்சியில் சேரும். இதே மாவட்டத்தின் குடியேற்றத் திட்டங்களில் காணி பங்கிடப்பட்ட விதத்தைப் பற்றி அந்தச் சமத்துவக் குரல் எழவில்லை.

2009இல் நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்துச் செய்து, நாட்டின் இன விகிதாசாரப்படி வீடுகளைப் பகிரச் சொன்னது. அம்பாறை மாவட்டத்தில் கடல் கொண்டுபோனவர்கள் பதினாயிரத்துக்கு மேல். அவர்களை எந்த விகிதாசாரத்திலும் அது எடுக்கவில்லை. “அது முஸ்லிம்களின் காரியம்” என்று நம்மவர் பலர் இருந்துவிட்டோம். சுவரும் கூரையும் கதவும் பூட்டிய அந்த 500 வீடுகள் விளக்கெரியாமல் பல ஆண்டுகள் கிடந்தன. முற்றங்களில் பற்றை வளர்ந்தது.