நகரத்து மரங்களும் நெசவாளர் நலமும்

சங்கத்தின் சொத்து யாது என்று வினவினால், கட்டடம், தறி, நூல் இருப்பு, வங்கிக் கையிருப்பு என அங்கத்தினர்கள் வரிசையாகக் கூறுவர். வாயிலில் நிற்கும் மரத்தை எவரும் கூறார். ஐந்தொகையில் அதற்கு இடமில்லை. ஆயினும் அதுவும் சொத்தே என்பதை இக்கட்டுரையில் விளக்க விழைகிறோம்.

கோடையில் கிராமத்தைவிட நகரம் மிகுந்த வெப்பமாக இருப்பது ஏன்? பகல் முழுவதும் தார்ச் சாலையும் காங்கிரீட்டுத் தளமும் வெயிலை வாங்கிச் சூடேறுகின்றன. கடுங்கோடையின் நண்பகலில் தார்ச் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரி சென்டிகிரேடையும் எட்டக்கூடும். இவ்வாறு சேர்ந்த வெப்பம் இரவில் மெல்ல வெளிப்படுகிறது. ஆதலின் நள்ளிரவிலும் சுவர் சுடுகிறது, உழைத்தவருக்கு உறக்கமில்லை.

மரம் இவ்வெப்பத்தை இரு வழிகளில் தணிக்கிறது. முதலாவது, நிழல். தளத்தின் மீது வெயில் விழாதபோது அது சூடேறுவதில்லை. இரண்டாவது, வேர் உறிஞ்சிய நீரை இலைகள் ஆவியாக வெளியிடுகின்றன. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்குச் செலவாகும் வெப்பம், 100 வாட் மின்விளக்கு ஏறத்தாழ ஆறரை மணி நேரம் எரிவதற்கு வேண்டிய சக்திக்கு ஒப்பானது. அவ்வெப்பம் சுற்றுப்புறத்திலிருந்தே எடுத்துக்கொள்ளப்படுகிறது. மண்பானை நீர் குளிர்வதும் இவ்வாறே. மேலும், இலைகள் தெருப் புழுதியைத் தாங்கிக்கொள்கின்றன. மரத்தடி மண் மழைநீரை உள்ளே வாங்கிக் கிணற்றுக்கு அனுப்புகிறது.

நெசவாளருக்கு இதனால் தனியான நன்மையும் உண்டு. சேலம் வட்டாரத்து நெசவு ஊர்களில் பாவடி என்னும் பொதுநிலம் உண்டு. பாவை நீட்டிக் கஞ்சியிட்டு ஆற்றுவதற்காக முன்னோர் ஒதுக்கிய இடம் அது. வறண்ட காற்றில் பருத்தி இழை முறுகி அறும் என்பதையும், குழித்தறியின் ஈரம் இழையைக் காக்கும் என்பதையும் அங்கத்தினர்கள் அனுபவத்தால் அறிவர். நிழலுள்ள வீட்டில் அந்த ஈரம் நீடித்து நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சங்கத்தின் கணக்குகளை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். 'வேப்பமரம் மூன்று விற்ற வகையில் வரவு' என ஒரு பதிவு இருந்தது. தீர்மானம் இருந்தது; ஏலம் முறைப்படி நடந்திருந்தது; ரசீதும் சரியாக இருந்தது. குறையேதும் காணாமல் கையொப்பமிட்டோம். மறு ஆண்டு சித்திரையில் சென்றபோது, மரங்கள் நின்ற இடத்தில் தகரக் கொட்டகை நின்றது. முன்பு அந்நிழலில் ராட்டையுடன் அமர்ந்து தார் சுற்றிய பெண்மணிகள் ஒருவரையும் காணோம். அவர்களுள் மூத்த ஓர் அம்மையாரைக் கண்டு வினவினோம். "பத்து மணிக்கு மேல் வெளியே உட்கார முடியவில்லை, ஐயா, வீட்டுக்குள்ளோ வேகிறது. முன்போல வேலை ஓடுவதில்லை" என்றார்.

சுற்றிய தாருக்கு ஏற்பவே கூலி. மரம் விற்ற தொகை ஒருமுறை வரவேட்டில் ஏறியது. நாள்தோறும் இழந்த கூலியோ எந்த ஏட்டிலும் ஏறவில்லை. நமது ஆய்வறிக்கையிலும் ஏறவில்லை. அன்று ஒரு வினாவையேனும் எழுப்பியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

மரம் நன்மை தரும் என்பதற்காக எம்மரத்தையும் எவ்விடத்தும் நடுதல் தகாது. 2016 டிசம்பர் 12ஆம் நாள் சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அயல்நாட்டிலிருந்து வந்த குல்மொகர், தூங்குமூஞ்சி முதலியன அவற்றுள் பல. அடிமரம் வரை சிமெண்டு பூசி வேரை நெருக்கினால் எம்மரமும் உறுதியாக நில்லாது.

ஆகவே அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்க. வேம்பு, புங்கு, பூவரசு, மகிழம் ஆகியவை நம் மண்ணுக்கு ஏற்றவை. மின்கம்பியின் கீழ் உயர்ந்து வளரும் மரம் வேண்டா. மூன்றடி ஆழக் குழி எடுத்துத் தொழு உரமும் மண்ணும் கலந்து நிரப்புக. அடிமரத்தைச் சுற்றி மண்ணைத் திறந்தே விடுக. வேலி கட்டி, முதல் இரண்டு கோடைகளிலேனும் தவறாது நீர் வார்க்க. மேற்குச் சுவரின் பக்கம் நட்டால் பிற்பகல் வெயில் தடுக்கப்படும்.

இது தனியொருவரால் ஆகும் காரியமன்று, கூட்டுறவுக்கு உரியது. விவசாயி அங்கத்தினர்கள் நாற்று வளர்த்துத் தரலாம். நெசவாளர் குடும்பங்கள் வீட்டுக்கு ஒரு மரமாகப் பொறுப்பேற்கலாம். அடுத்த பொதுக்குழுவிலேயே சங்க நிலத்தில் உள்ள மரங்களை எண்ணி ஒரு பதிவேடு தொடங்குவார்களாக. மரத்தை வெட்டுவதற்கான தீர்மானம் வருமாயின், அதனடியில் வேலை செய்வோரை முதலில் கேட்டபின் வாக்கெடுப்பார்களாக. இனி ஆய்வுக்கு வரும்போது அப்பதிவேட்டையும் கேட்டுப் பார்ப்போம்.