குமாரி கமலா: திரை வளர்த்த பரதம்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்த நம் முன்னோர் ஆடற்கலையை உயர்வாகப் போற்றினர். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கலையின் நிலை யாது? கோயிலிலும் அரசவையிலும் 'சதிர்' என்ற பெயரில் அதைக் காத்துவந்த பெண்டிரைச் சமூகம் இழித்துப் பேசியது. குடும்பப் பெண்கள் காலில் சலங்கை கட்டுவதா என்று கேட்டது. 1936இல் கலாட்சேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி போன்றோர் அந்த எண்ணத்தை மேடையில் மாற்றினர். மேடை எட்டாத சிற்றூர்களில் அதை மாற்றிய பெருமை குமாரி கமலாவுக்கு உண்டு.

இளமையும் பயிற்சியும்

1934இல் மாயூரத்தில் பிறந்த கமலா, சிறு வயதில் பம்பாயில் லச்சு மகராஜிடம் கதக் பயின்றார். 1938லேயே சிறுமியாகத் திரையில் தோன்றினார். பின்னர் சென்னைக்கு வந்து காட்டுமன்னார்கோயில் முத்துக்குமாரப் பிள்ளையிடமும், வழுவூர் இராமையா பிள்ளையிடமும் பரதம் கற்றார். வழுவூர் பாணிக்கே உரிய நளினமும், சிலை போன்ற நிலைகளும் அவர் ஆட்டத்தில் பொலிந்தன.

'நாம் இருவர்'

ஏ. வி. மெய்யப்பன் இயக்கிய 'நாம் இருவர்' 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. பாரதியார் பாடல்களை டி. கே. பட்டம்மாள் பாட, கமலா ஆடினார். நாடு விடுதலை பெறச் சில மாதங்களே இருந்த வேளையில், விடுதலைக் களிப்பு திரையில் ஆடிக் காட்டப்பெற்றது. பரதத்துக்கும் நாட்டுப்பற்றுக்கும் உறவு ஏற்பட்டபின் அதை இழிவென்று யார் சொல்ல முடியும்? 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் குசலகுமாரியுடன் அவர் ஆடிய போட்டி நடனமும் புகழ்பெற்றது.

பெற்றதும் இழந்ததும்

சபாவில் கடைசி வரிசையில் இருப்பவருக்கு ஆடுபவரின் கண் தெரியாது. கொட்டகையில் தரை டிக்கெட்டுக்காரருக்கும் அந்தக் கண்ணின் பாவம் முழுமையாகத் தெரிந்தது. இது கலைக்குக் கிடைத்த பேறு. ஆனால் மேடையில் முக்கால் மணி நேரம் விரியும் வர்ணத்துக்குத் திரையில் இடமில்லை. ஒரே வரிக்குப் பல பொருள் தோன்ற விரித்தாடும் நயமும் சில நிமிடப் பாட்டுக்குள் அடங்குவதில்லை.

மற்றோர் இழப்பும் உண்டு. அதே 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஒரு கொடுமை ஒழிந்தது, அது வேண்டியதே. எனினும், வழிவழியாக ஆடிவந்த குடும்பங்களின் நட்டுவனார்கள் புதிய மாணவியருக்கு ஆசிரியர் ஆயினர். அக்குடும்பப் பெண்களோ, பாலசரசுவதி போன்ற சிலர் நீங்கலாக, மேடையை இழந்தனர். கமலாவின் புகழைப் பேசும்போது அவர்களை மறப்பது நன்றியன்று.

பிற்காலம்

1970இல் பத்மபூஷண் விருது பெற்ற கமலா, 1980இல் அமெரிக்கா சென்று நியூயார்க் பகுதியில் மாணவியருக்கு நடனம் கற்பித்தார். 2010இல் அந்நாடு மரபுக் கலைஞர்களுக்கான தேசிய விருதை அவருக்கு அளித்தது. திரையின் புகழ் ஓய்ந்தபின்னும் குருவிடம் பெற்ற கல்வி அவரைக் கைவிடவில்லை.

நம் கல்லூரி விழாவில் சலங்கை ஒலித்தால் தயக்கமின்றிக் கைதட்டுகிறோம். அந்தத் தயக்கம் தானாக நீங்கவில்லை. அதை நீக்கியவர்களையும், அதற்கு விலை கொடுத்தவர்களையும் ஒருசேர நினைப்பதே கலை பயில்வோர் கடமையாகும்.