மாதா மாதம் புது லிங்க் எதற்கு?

கேள்வி: எங்கள் தோட்டம் கைமாறிச் செம்பனையாகி வெகு காலமாகிவிட்டது. தமிழ்ப்பள்ளியும் பட்டணத்துக்கு இடம் மாறிவிட்டது. ஆனாலும் முன்னாள் மாணவர் சங்கத்தை விடாமல் நடத்தி வருகிறோம். செயலவை உறுப்பினர்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், கிள்ளான், சுங்கைப்பட்டாணி, சிங்கப்பூர், லண்டன், மெல்பர்ன் என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள். 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது இயங்கலையில் கூடத் தொடங்கியது அப்படியே தொடர்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை இரவு 9 மணிக்குக் கூடுவோம். ஒவ்வொரு முறையும் நான்தான் ஸூமில் புது இணைப்பு உருவாக்கிப் புலனத்தில் போடுகிறேன். ஆனாலும் கூட்ட நேரத்தில் "லிங்க் எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள். 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்து போகிறது. போன நவம்பரில் லண்டன் உறுப்பினர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்துவிட்டு, நேரத்தை மாற்றியதைச் சொல்லவில்லையே என்று எங்களைக் கோபித்துக்கொண்டார். நிரந்தரமாக ஒரே இணைப்பு வைத்துக்கொள்ள முடியுமா? கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டுமா?

செயலாளர், முன்னாள் மாணவர் சங்கம், சுங்கை சிப்புட்

பதில்: முடியும். கட்டணமும் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் செயலியைத் தொடுவதற்கு முன் நேரத்தைச் சரி செய்யுங்கள். உங்கள் சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது.

லண்டன்காரர் மேல் தப்பில்லை, உங்கள் மேலும் இல்லை. மலேசிய நேரம் 1982 ஜனவரி 1-இல் அரை மணி முன்னே தள்ளப்பட்ட பிறகு அசையவே இல்லை. பிரிட்டனிலோ அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னே வைப்பார்கள். மார்ச் கடைசி ஞாயிறு திரும்ப முன்னே வைப்பார்கள். நம் இரவு 9 மணி அவருக்குக் கோடையில் பிற்பகல் 2, நவம்பரில் 1. பழக்கப்படி 2 மணிக்கு வந்தார், நீங்கள் பாதிக் கூட்டத்தை முடித்திருந்தீர்கள். மெல்பர்ன் எதிர்த்திசையில் போகும். அக்டோபர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரம் முன்னேறுவதால், உங்கள் 9 மணி அந்த உறுப்பினருக்கு நள்ளிரவு 12. அவர் இத்தனை நாள் வாய் திறக்காமல் இருப்பது பெரிய பொறுமை!

சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மாற்றிப் பாருங்கள். லண்டனில் காலை 9 அல்லது 10, மெல்பர்னில் இரவு 7 அல்லது 8. சிங்கப்பூருக்கும் நமக்கும் ஒரே நேரம். ஞாயிறு வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள்; சுங்கைப்பட்டாணி உறுப்பினரை நினைத்துக்கொள்ளுங்கள், கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான்.

நேரம் முடிவானதும் அதை மாற்றாதீர்கள். தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு யாரும் அழைப்பு அனுப்பியதில்லை. நேரமும் மாறாது, நிற்கும் இடமும் மாறாது, ஆள் வந்து நின்றார்கள். இணைப்பும் அப்படி ஓரிடத்தில் நிற்க வேண்டும்.

அதற்குக் கூகுள் கேலண்டரும் மீட்டும் போதும். கணினியில் கேலண்டரைத் திறந்து, ஒரு மாதத்தின் முதல் சனிக்கிழமையைத் தொட்டுப் புதிய நிகழ்வு தொடங்குங்கள். மாதந்தோறும் திரும்ப வரும்படி அமைக்கும்போது இரண்டு வழிகள் இருக்கும்: அதே தேதி, அல்லது முதல் சனி. தேதியைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த மாதமே கூட்டம் வேறு கிழமையில் போய் நிற்கும். நேர வலயத்தில் கோலாலம்பூர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். லண்டன் உறுப்பினர் உதவி செய்கிறேன் என்று தன் ஊர் நேரத்தில் இதை உருவாக்கிவிட்டால், அக்டோபர் கடைசியில் பேராக் முழுக்க ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். பிறகு மீட் இணைப்பைச் சேர்த்து, எல்லார் மின்னஞ்சலையும் போட்டு அழைப்பு அனுப்புங்கள். எந்த ஊரில் திறந்தாலும் அவரவர் உள்ளூர் நேரத்தைக் கைப்பேசியே காட்டும். இணைப்பு எல்லா மாதமும் ஒன்றுதான்.

ஒரு மாதம் ஒத்திவைக்க வேண்டி வரும். 2026 நவம்பரின் முதல் சனி 7-ஆம் தேதி, மறுநாள் தீபாவளி. முறுக்குச் சட்டியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? அந்த நிகழ்வை நீக்கும்போது, இது ஒன்றை மட்டுமா, எல்லாவற்றையுமா என்று கேலண்டர் கேட்கும். அவசரத்தில் எல்லாவற்றையும் என்று அழுத்தினால் மொத்த வரிசையும் எல்லார் கைப்பேசியிலிருந்தும் போய்விடும்.

இதையெல்லாம் உங்கள் சொந்த ஜிமெயிலில் செய்யாதீர்கள். நான் அதிகமாகப் பார்க்கும் கோளாறு இதுதான். ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் மாறுவார், இணைப்பு பழைய செயலாளரின் கணக்கில் கிடக்கும், இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கு தொடங்குங்கள். மீட்பு எண்ணாகத் தலைவர் எண்ணைக் கொடுங்கள். கடவுச்சொல்லைப் பொறுப்பாளர் இருவர் வைத்துக்கொள்ளட்டும். சங்கச் சொத்து யார் பெயரில் இருக்க வேண்டும் என்று சுங்கை சிப்புட்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. துண்டாக்கப்பட்ட தோட்டங்களைப் பார்த்து 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர்தானே.

இலவச மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ கூடினால் 60 நிமிடம். 55-ஆம் நிமிடம் எச்சரிக்கை வரும். முடிந்ததும் அதே இணைப்பில் மறுபடி நுழையலாம். ஒரு செயலவைக்கு ஒரு மணி நேரம் தாராளம். அதற்கு மேல் போனால் நிகழ்ச்சி நிரலில்தான் கோளாறு. ஸூம்தான் பழக்கம் என்றால் அங்கேயும் தொடர்கூட்டமாக அமைத்து ஒரே இணைப்பு வைக்கலாம், ஆனால் இலவசத்தில் அந்த 40 நிமிடக் கத்தரி இருந்துகொண்டே இருக்கும்.

மூத்தவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். தாத்தாவின் கைப்பேசியில் பெரும்பாலும் பேரனின் ஜிமெயில்தான் இருக்கும். நீங்கள் அழைப்பு அனுப்பிய முகவரி வேறாக இருப்பதால் அவர் வெளியே நின்று அனுமதி கேட்பார். திரையில் பேரன் பெயரைப் பார்த்து யாரோ என்று விட்டுவிடுவீர்கள். முதல் கூட்டத்துக்கு முன் ஒரு நாள் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து உள்ளே வரச் சொல்லிப் பாருங்கள். தோட்டப்புறத்தில் இருந்து வருபவருக்கு லைன் திணறினால் படத்தை நிறுத்திக் குரலோடு மட்டும் இருக்கச் சொல்லுங்கள்.

புலனத்தில் இணைப்பைச் செய்தியாகப் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். பின் செய்தாலும் அதிகபட்சம் 30 நாள்தான், சில மாதங்களில் அடுத்த கூட்டத்துக்கு முன்பே கழன்றுவிடும். குழுவின் விளக்கப் பகுதியில் போட்டுவிடுங்கள். அங்கே அது அசையாது.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். இயங்கலை வருகையைக் கூட்ட எண்ணிக்கையில் சேர்க்கலாமா என்று உங்கள் சட்டவிதியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சங்கப் பதிவிலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் அதைப் பள்ளி மண்டபத்தில் நேரிலேயே நடத்துங்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்வையாளராக இதே இணைப்பில் வரட்டும்.