பத்துப் பேரின் தலைவர்

ஒரு துறையில் நெடுங்காலம் உழைத்து, அனைவராலும் மதிக்கப்படும் மூத்தவரை ஆங்கில நாளேடுகள் ‘டோயென்’ என்று குறிப்பிடுவதுண்டு. இது பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த சொல். ‘முதுபெரும் எழுத்தாளர்’, ‘முதுபெரும் கலைஞர்’ என்று தமிழில் நாம் சொல்லும்போது உணர்த்தும் மதிப்பையே இச்சொல்லும் உணர்த்துகிறது. ஆயினும், இதன் வேரில் முதுமை இல்லை. ‘பத்து’ என்னும் எண்ணே இருக்கிறது.

இலத்தீன் மொழியில் ‘டெக்கெம்’ என்றால் பத்து. பிற்கால ரோமானியப் படையில் பத்து வீரர்களுக்குத் தலைவராக இருந்தவர் ‘டெக்கானுஸ்’ எனப்பட்டார். பின்னர், கிறிஸ்துவ மடங்களிலும் பத்துத் துறவிகளைக் கண்காணிப்பவருக்கு இப்பெயர் வழங்கியது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட் என்னும் துறவி, மடங்களுக்கான விதிகளை வகுத்தார். மடத்தில் முன்னதாகச் சேர்ந்தவர் என்பதற்காக ஒருவரை இப்பொறுப்பில் அமர்த்தக்கூடாது. நல்லொழுக்கமும் அறிவும் உடையவரையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. செருக்குற்றுத் திருந்த மறுப்பவரைப் பதவியிலிருந்து நீக்கவும் அவ்விதிகள் இடமளித்தன.

‘டெக்கானுஸ்’ என்பதே பிரெஞ்சில் ‘டோயென்’ என மருவியது. பல்கலைக்கழகப் புலத்தலைவரைக் குறிக்கும் ‘டீன்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் ‘டெக்கான்’ என்னும் மலாய்ச் சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்தவையே.

இன்று இச்சொல் அரசதந்திரத் துறையில் சிறப்பாக வழங்குகிறது. முற்காலத்தில், முதலிடம் யாருக்கு என்பதில் தூதர்களிடையே கடும் பூசல் நிலவியது. 1661ஆம் ஆண்டில், இலண்டனில் சுவீடன் தூதரை வரவேற்கும் ஊர்வலத்தில் எவருடைய வண்டி முன்செல்வது என்று பிரெஞ்சுத் தூதரின் ஆள்களும் ஸ்பானியத் தூதரின் ஆள்களும் மோதினர். அதில் உயிர்களும் பலியாயின.

இத்தகைய பூசல்களைத் தவிர்க்க, 1815ஆம் ஆண்டில் வியன்னா மாநாடு ஒரு விதியை வகுத்தது. தூதர் வந்து சேர்ந்ததை முறைப்படி அறிவித்த நாளைக் கொண்டே வரிசை அமையும் என்பதே அது. நாடு பெரிதா சிறிதா என்பது கருதப்படவில்லை. 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையும் பொறுப்பேற்ற நாளையே அடிப்படையாகக் கொண்டது. இதன்படி, ஒரு தலைநகரில் மிக நீண்ட காலம் பணியாற்றும் தூதரே பொதுவாக ‘டோயென்’ ஆகிறார். சில நாடுகளில் போப்பாண்டவரின் தூதருக்கு இச்சிறப்பு வழங்கப்படுகிறது.

டோயெனுக்கு மற்றத் தூதர்கள்மீது அதிகாரம் இல்லை. விழாக்களில் அனைவர் சார்பிலும் பேசுவதும் புதிதாக வருவோருக்கு நடைமுறைகளை எடுத்துரைப்பதும் அவருடைய கடமைகள். அன்று பத்து வீரர்களைக் கவனித்துக்கொண்டவரைப் போலவே, இன்றைய மூத்தவரும் தம்மைச் சார்ந்தோருக்காகப் பொறுப்பேற்கிறார்.