குதிரைத்திறனை மட்டும் பார்த்து பவர் டில்லர் வாங்கலாமா?

உழவு மாடு வைத்துப் பராமரிப்பது கட்டுப்படியாகாத இந்நாளில், இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிகளும் சொந்தமாக ஒரு பவர் டில்லரோ, பெட்ரோலில் ஓடும் களையெடுக்கும் இயந்திரமோ வாங்க நினைக்கின்றனர். கடைக்குச் சென்றதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை எச்.பி.?" என்பதுதான். பலருக்கு அதுவே கடைசிக் கேள்வியாகவும் அமைந்துவிடுகிறது. எண் பெரிதாகவும் விலை குறைவாகவும் உள்ள இயந்திரத்தை வாங்கி வந்தபின், அது தங்கள் நிலத்தில் இறங்காமல் துள்ளுவதைக் கண்டு திகைக்கின்றனர். கடன் தவணையோ மூன்று ஆண்டுகளுக்குத் தொடர்கிறது. வாங்குமுன் எஞ்சினைப் பற்றியும் இயந்திரத்தின் அமைப்பைப் பற்றியும் சில விவரங்களை அறிந்துகொண்டால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

முதலில் குதிரைத்திறன் என்றால் என்னவென்று பார்ப்போம். 75 கிலோ கனமுள்ள ஒரு கவலைச் சால் விநாடிக்கு ஒரு மீட்டர் வீதம் மேலே வருமானால், அங்கே நடக்கும் வேலை ஒரு குதிரைத்திறன். ஒரு ஜோடி மாடுகள் ஏரில் தரும் சக்தி ஏறக்குறைய இந்த அளவே என்று கணக்கிடுவது வழக்கம். இதில் இரண்டு விஷயங்கள் அடங்கியுள்ளன. ஒன்று இழுக்கும் விசை; மற்றொன்று வேகம். சிறிய சாலை வேகமாக இழுத்தாலும், பெரிய சாலை மெதுவாக இழுத்தாலும் குதிரைத்திறன் ஒன்றாகவே வரக்கூடும்.

எஞ்சினிலும் இதே கதைதான். நமது பவர் டில்லர்களில் உள்ள டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 அல்லது 2400 சுற்றுகள் சுழல்கிறது. பெட்ரோல் எஞ்சினோ 3600 சுற்றுகள் வரை சுழன்றுதான் தன் முழுத் திறனைக் காட்டுகிறது. முறுக்கு விசையைக் கணக்கிட ஒரு சுலபமான வழி உண்டு. குதிரைத்திறனை 716ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றுகளால் வகுத்தால் கிலோ-மீட்டர் அளவில் விடை கிடைக்கும். 2000 சுற்றில் 12 குதிரைத்திறன் தரும் டீசல் எஞ்சினுக்கு இது சுமார் 4.3. 3600 சுற்றில் 7 குதிரைத்திறன் தரும் பெட்ரோல் எஞ்சினுக்கு சுமார் 1.4. குதிரைத்திறனில் இரண்டு மடங்குக்கும் குறைவான வித்தியாசம். முறுக்கு விசையில் மூன்று மடங்கு வித்தியாசம்.

"கியர் வைத்து அதைச் சரிக்கட்டிவிடலாமே" என்று விற்பனையாளர் கூறலாம். அது பாதி உண்மை. கியர் பெட்டி வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைப் பெருக்கித் தரும். ஆனால் குதிரைத்திறனைப் பெருக்கித் தராது. உராய்வில் சிறிது குறையவே செய்யும். குறிப்பாக வார்ம் கியர் அமைப்பில் உராய்வு அதிகம். கியர் பெட்டி சூடாகும். ஆகவே சிறிய எஞ்சினை வைத்துக் கடினமான மண்ணைக் கிளற வேண்டுமானால் மெதுவாகச் செல்ல வேண்டும், அல்லது அகலத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வேறு வழியில்லை.

இந்த அகலம் என்பதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பவர் டில்லரின் சுழற்கலப்பை பொதுவாக 60 செ.மீ. அகலமுள்ளது. 12 குதிரைத்திறன் எஞ்சினாக இருந்தால் ஒவ்வொரு 10 செ.மீ. அகலத்துக்கும் 2 குதிரைத்திறன் கிடைக்கிறது. 7 குதிரைத்திறன் பெட்ரோல் இயந்திரத்தில் கத்திகளை ஒரு மீட்டர் அகலத்துக்கு மாட்டித் தருகிறார்கள். அங்கே 10 செ.மீ.க்குக் கிடைப்பது 0.7 மட்டுமே. தோட்டத்துச் செம்மண்ணில், ஈரம் பதமாக இருக்கும்போது இது போதும். காய்ந்த களிமண்ணிலும், கோரையும் அருகும் மண்டிய இடத்திலும் போதாது. ஏற்கெனவே இத்தகைய இயந்திரத்தை வாங்கிவிட்டவர்கள் இருபுறமும் வெளிக்கத்திகளைக் கழற்றிவிட்டு 60 செ.மீ. அளவில் ஓட்டிப் பார்க்கலாம். ஆழம் கூடுவதைக் கண்ணாலேயே காணலாம்.

அகலத்தைக் குறைத்தால் நடை கூடுமே என்ற கேள்வி எழும். கூடத்தான் செய்யும். 60 செ.மீ. அகலத்தில் ஓர் ஏக்கரை ஒருமுறை உழ ஏறத்தாழ 6¾ கிலோமீட்டர் நடக்க வேண்டும். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில், திரும்பும் நேரத்தையும் சேர்த்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 15 செ.மீ. சால் எடுக்கும் நாட்டுக் கலப்பையில் இதே வேலைக்கு 27 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் இது பெரிதாகத் தோன்றாது.

அடுத்து, அட்டையில் எழுதியுள்ள எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒரே எஞ்சினுக்கு மூன்று விதமாகக் குதிரைத்திறன் சொல்ல முடியும். உலகெங்கும் பயன்படும் 163 சி.சி. ஹோண்டா ஜி.எக்ஸ். 160 எஞ்சினை உதாரணமாகக் கொள்ளலாம். பழைய கணக்குப்படி அதற்கு 5.5 குதிரைத்திறன். ஏர் பில்டர், சைலன்சர் முதலியவற்றுடன் அளக்கும் புதிய முறையில் அது 4.8. இடைவிடாமல் தொடர்ந்து ஓடும்போது தரக்கூடியதென அந்தக் கம்பெனியே குறிப்பிடுவது 3.9. மூன்றும் பொய்யல்ல. ஆனால் காலையிலிருந்து மாலை வரை உழப் போகிறவருக்கு வேண்டியது மூன்றாவது எண்தான். பவர் டில்லர் டீசல் எஞ்சின்களிலும் உச்சத் திறன், தொடர் திறன் என இரண்டு எண்கள் உண்டு. எந்த எண், எத்தனை சுற்றில் என்று கேட்டு அறிதல் அவசியம்.

அமெரிக்காவில் புல் வெட்டும் இயந்திரங்களின் குதிரைத்திறன் கூட்டி எழுதப்படுகிறது என்று 2004ஆம் ஆண்டில் வாங்கியவர்கள் வழக்குத் தொடர்ந்து, 2010ல் அது சமரசத்தில் முடிந்தது. அதற்குப் பின் அங்கே புல் வெட்டும் இயந்திரங்களிலும், வாசலில் விழுந்த பனியை வாரி எறியும் இயந்திரங்களிலும் குதிரைத்திறனுக்குப் பதில் எஞ்சினின் சி.சி. அளவையோ முறுக்கு விசையையோ பொறிப்பது பெருகிவிட்டது. சி.சி. என்பது சிலிண்டரின் கொள்ளளவு, அளந்து பார்க்கக்கூடியது. நம் விவசாயிகளும் அதைக் கேட்பது நல்லது. ஒரே சி.சி. உள்ள இரண்டு பெட்ரோல் எஞ்சின்களில் ஒன்று மட்டும் மற்றதைவிட வெகுவாகக் கூடுதல் குதிரைத்திறன் என்று சொல்லிக்கொண்டால் சந்தேகப்பட வேண்டியதே.

மலைப்பகுதி விவசாயிகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 300 மீட்டர் உயரம் ஏற ஏற, காற்று இலேசாவதால், பெட்ரோல் எஞ்சினின் திறன் சுமார் 3½ சதவீதம் குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் இது ஏறத்தாழ கால் பங்கு இழப்பாகும். சமவெளியில் 7 என்றால் அங்கே ஐந்தேகால்தான்.

இனி அமைப்பு. நடந்துகொண்டே ஓட்டும் இயந்திரங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் சக்கரங்கள் முன்னே இழுக்க, பின்னால் சுழற்கலப்பை தனியாகச் சுழலும். இதுவே பவர் டில்லர். 1960களில் ஜப்பானிய முறையில் நம் நாட்டுக்கு வந்தது. மிட்சுபிஷி ஒத்துழைப்புடன் பெங்களூரிலும், குபோட்டா தொழில்நுட்பத்துடன் கேரளத்தின் அத்தாணியில் 1973ல் தொடங்கப்பட்ட 'காம்கோ' தொழிற்சாலையிலும் இவை தயாராகி வந்துள்ளன. எஞ்சின் அச்சுக்கு முன்னும் கலப்பை பின்னும் இருப்பதால் எடை சமமாக நிற்கும். சுமார் 400 கிலோ எடையும் சக்கரங்களின் பிடிப்பும் சேர்ந்து, கத்தி மண்ணைவிட்டு எழும்பாமல் பிடித்துக்கொள்கின்றன.

மற்ற வகையில் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் கத்திகளே இருக்கும். கத்தி சுழல்வதாலேயே இயந்திரம் முன்னே நகரும். பின்னால் ஓர் இரும்புக் கோல் மண்ணில் இறங்கித் தடுத்து ஆழத்தை நிர்ணயிக்கும். மண் இளகியிருந்தால் அழகாக ஓடும். இறுகியிருந்தால் கத்திகள் மண்ணைக் கிளறாமல் அதன்மேல் நடக்கத் தொடங்கிவிடும். ஓட்டுபவர் தன் உடல் பலத்தால் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்தில் தோள் வலிக்கும். எடை குறைவு என்பது வரிசைப் பயிர்களுக்கிடையே நுழைந்து திரும்பவும், வரப்பைத் தாண்டித் தூக்கிச் செல்லவும் அனுகூலம். கரும்பு, பருத்தி, வாழைத் தோட்டத்தில் களை எடுக்க இதுவே ஏற்றது. முதல் உழவுக்கு இதை நம்புவது சரியல்ல. ஒரே இயந்திரம் இரண்டு வேலைக்கும் ஆகும் என்று சொல்லப்படுவதில்தான் சிறு விவசாயிகள் ஏமாறுகின்றனர்.

நெல் வயலில் நிலைமை வேறு. டயர்களைக் கழற்றிவிட்டு இரும்புக் கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு செய்ய பவர் டில்லரே பொருத்தம். டிராக்டர் புதைந்துவிடும் ஆழச் சேற்றிலும், டிராக்டர் திரும்ப இடமில்லாத சிறு வயல்களிலும் இது வேலை செய்யும்.

குளிர்விக்கும் முறையையும் பார்க்க வேண்டும். டீசல் பவர் டில்லர் எஞ்சின்கள் பெரும்பாலும் தண்ணீரால் குளிர்விக்கப்படுபவை. பெட்ரோல் எஞ்சின்கள் காற்றால் குளிர்பவை. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளின் இடையே வைக்கோல் தூசும் மண்ணும் அடைத்துக்கொண்டால் சித்திரை வெயிலில் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தினமும் துடைக்க ஐந்து நிமிடம் போதும்.

உயிருக்கு ஆபத்தான ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பவர் டில்லரைத் திருப்ப, கைப்பிடியில் இருபுறமும் கிளட்ச் உள்ளது. சமதரையில் இடது கிளட்சைப் பிடித்தால் இடது சக்கரத்துக்குச் சக்தி நின்று, வண்டி இடப்புறம் திரும்பும். சரிவில் இறங்கும்போது நேர்மாறாக நடக்கும். சக்தி நின்ற இடது சக்கரம் எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டுச் சரிவில் வேகமாக உருளும். வலது சக்கரம் கியரின் பிடியில் மெதுவாகச் செல்லும். வண்டி வலப்புறம் திரும்பிவிடும். வாய்க்கால் கரையிலிருந்து வயலில் இறக்கும்போதும், பாலத்துச் சரிவில் டிரெய்லருடன் வரும்போதும் இதனால் வண்டி கவிழ நேரிடும். சரிவுக்கு வருமுன்பே கீழ் கியருக்கு மாற்றி, இந்தக் கிளட்சுகளைத் தொடாமல், கைப்பிடியைத் தள்ளியே திருப்ப வேண்டும். பின்னோக்கி ஓட்டும்போது சுழற்கலப்பை சுழலக் கூடாது. பல பவர் டில்லர்களில் ரிவர்ஸ் கியரில் கலப்பை இயங்காதபடி தடுப்பு உள்ளது. சிறிய பெட்ரோல் இயந்திரங்களில் அது உண்டா என்று கேட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தில் புத்னி, ஆந்திராவில் அனந்தப்பூர் அருகிலுள்ள கார்லதின்னே ஆகிய இடங்களில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திர நிலையங்கள் இவற்றைச் சோதித்து அறிக்கை வெளியிடுகின்றன. உண்மையான குதிரைத்திறன், எரிபொருள் செலவு, கைப்பிடியின் அதிர்வு, சத்தம் எல்லாம் அதில் இருக்கும். வாங்க நினைக்கும் மாடலின் அறிக்கையை விற்பனையாளரிடமோ, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ கேட்கலாம். அதிர்வு அதிகமுள்ள இயந்திரத்தைத் தொடர்ந்து ஓட்டினால் விரல்கள் மரத்துப்போகும்.

காட்டுவதற்கென்று நனைத்து வைத்த மண்ணில் எந்த இயந்திரமும் நன்றாகவே ஓடும். ஆகவே சொந்த நிலத்தில், இருப்பதிலேயே கடினமான மூலையில், அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். ஓடும்போது எஞ்சின் சத்தம் அடங்கிக் கரும்புகை கக்கினால் சுமை மிஞ்சிவிட்டது என்று பொருள். ஒரு குச்சியால் உழவின் ஆழத்தை நான்கைந்து இடங்களில் அளக்க வேண்டும். தொடங்குமுன் டாங்கை விளிம்பு வரை நிரப்பி, முடிந்ததும் மீண்டும் விளிம்புக்கு வரும் வரை அளவுக் குவளையால் ஊற்றிப் பார்த்தால் எரிபொருள் செலவும் தெரிந்துவிடும். பவர் டில்லருக்கு மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் டீசல் என்பது சாதாரண அளவு. வி-பெல்ட், கத்தி, ஆயில் சீல் ஆகியவை அருகிலுள்ள ஊரில் கிடைக்கின்றனவா என்பதையும் அன்றே விசாரித்துக்கொள்ளலாம்.