கணைய நீர்க்கட்டிகளை இனங்காணல்

இரைப்பைக்குப் பின்னே, முதுகெலும்புக்குக் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு கணையம். உணவைச் செரிப்பிக்கும் நீரையும், குருதியிலுள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினையும் அது சுரக்கின்றது. இவ்வுறுப்பில் தோன்றும் நீர்க்கட்டிகளுட் பல யாதொரு நோவும் தருவதில்லை. வேறு காரணம் பற்றி எடுக்கும் சி.டி. படத்தில் தற்செயலாகவே வெளிப்படுகின்றன. அப்போது மருத்துவர் ஆராய வேண்டிய வினா, கட்டியை அகற்றுவதா, விட்டுவைப்பதா என்பதாகும்.

கோழை போன்ற நீர் நிறைந்த கட்டிகள் நாளடைவில் புற்றாக மாறக்கூடும். தெளிநீர்க் கட்டிகளோ பெரும்பாலும் தீங்கற்றவை. இவ்விரு வகையும் வெவ்வேறானவை என்பதைக் கம்பாக்னோ, ஓர்ட்டெல் என்னும் அறிஞர்கள் 1978-இல் தெளிவுபடுத்தினர். கணையத்தின் தலைப்பகுதியை அகற்றுகையில் முன்சிறுகுடலையும் பித்தநாளத்தின் ஒரு பகுதியையும் உடன் அகற்ற வேண்டியிருக்கும். தீங்கற்ற கட்டிக்கு இத்தகைய பேரறுவையை மேற்கொள்வது வீண் துன்பம். புற்றாகக்கூடியதை விட்டுவைப்பதோ உயிருக்கு இடர்.

முதலில் நோயாளியின் வரலாற்றை அறிதல் வேண்டும். முன்பு கணைய அழற்சி கண்டிருப்பின், அது உட்சுவர்ப் படலம் அற்ற பொய்க்கட்டியாக இருக்கலாம். அடுத்தது படம். தேனடைபோற் சிற்றறைகள் செறிந்து, நடுவே சுண்ணம் படிந்த வடுவும் காணப்படின், அது தெளிநீர்க் கட்டி எனக் கொள்ளலாம். ஆனால் எல்லாக் கட்டிகளும் இவ்வடையாளத்தைக் காட்டுவதில்லை.

ஐயம் நீங்காவிடில், நுனியில் கேளா ஒலிக் கருவி பொருத்திய குழாயை வாய்வழியே செலுத்தி, நுண்ணூசியால் கட்டியின் நீரை எடுத்து ஆராய்வர். பொய்க்கட்டியின் நீரில் அமிலேஸ் மிகுந்திருக்கும். அது லிட்டருக்கு 250 அலகுக்குக் குறைவாயின் பொய்க்கட்டியாக இருத்தல் அரிது. சி.இ.ஏ. என்னும் புரதம் மில்லிலிட்டருக்கு 192 நானோகிராமுக்கு மேற்படினும், குளுக்கோஸ் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் குறையினும், கோழைக் கட்டி என ஐயுறுவர்.

எனினும் இவ்வளவைகளை மட்டும் நம்புதல் தகாது. 1985-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நிணநீர்த் திசு சூழ்ந்த கட்டி மிக அரியது; பெரும்பாலும் ஆடவரிடம் காணப்படுவது; தீங்கற்றது. ஆயினும் அதன் நீரிலும் சி.இ.ஏ. மிகுந்திருத்தல் உண்டு. நுண்ணோக்கியில் தென்படும் செதிள் உயிரணுக்களும் கெரட்டின் துகள்களும் நிணவணுக்களுமே அதன் உண்மை இயல்பை உணர்த்துவன.

ஆகவே வரலாறு, படம், நீர், உயிரணு ஆகிய நான்கையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்து முடிவுக்கு வருதலே முறையாகும்.