தோட்டத்து வீட்டில் ஆண்டெனா: எதன்மேல் நிறுத்துவது?

ஹாம் ரேடியோ தேர்வில் தேறி, 9டபிள்யூ2 என்றோ 9எம்2 என்றோ தொடங்கும் அழைப்புக்குறி கைக்கு வந்ததும் எல்லாருக்கும் வரும் முதல் ஆசை உயரம்தான். ரேடியோவைப் பழையதாக வாங்கிக்கொள்ளலாம். ஆண்டெனாவை எதன்மேல் நிறுத்துவது என்ற கேள்வியில்தான் பணமும் போகிறது, சில சமயம் உயிரும் போகிறது. நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு நான்கு வழிகள் உண்டு: மரம், சாய்த்து இறக்கும் குழாய்க் கம்பம், இழுகம்பிகளால் நிற்கும் சட்டகக் கோபுரம், இழுகம்பி இல்லாமல் தானே நிற்கும் கோபுரம். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தரையில் நின்றபடியே சாய்த்து இறக்கக்கூடிய, 9 முதல் 12 மீட்டர் வரையிலான கம்பம்தான் பெரும்பாலான தோட்டத்து வீடுகளுக்கு ஏற்றது. கட்டுவது ஒருநாள் வேலை. அதைப் பார்த்துக்கொள்வதோ பல வருட வேலை, அதையும் ஏறாமல் செய்ய முடிய வேண்டும்.

முதலில் உயரத்தைக் கணக்குப் பார்ப்போம். கையடக்க ரேடியோக்கள் இயங்கும் 2 மீட்டர் பட்டையில் சிக்னல் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் செல்லும். சமவெளியில் 12 மீட்டர் உயரத்து ஆண்டெனாவுக்கு ரேடியோ தொடுவானம் சுமார் 14 கிலோமீட்டர். பணத்தைக் கொட்டி உயரத்தை 24 மீட்டராக இரட்டிப்பாக்கினால் அது 20 கிலோமீட்டர் ஆகும். கூடுதலாகக் கிடைப்பது 6 கிலோமீட்டர்தான். தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கும் தெலாபாக் புருக் மலையின் உயரம் ஏறக்குறைய 1,190 மீட்டர். அங்கிருந்து தொடுவானம் 140 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. ஆகவே 2 மீட்டரில் தூரம் பேச நினைப்பவர் வீட்டில் கோபுரம் எழுப்புவதைவிட, மலைமேல் இருக்கும் ரிப்பீட்டர் ஒன்றை எட்டும் அளவுக்குக் கம்பம் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: வயதான செம்பனை 12 மீட்டரையும் தாண்டும். அதன் மட்டைக் கூட்டத்துக்குள் ஆண்டெனா மாட்டிக்கொண்டால் இந்தப் பட்டையில் சிக்னல் தேய்ந்துவிடும். கம்பத்தைச் செம்பனை வரிசைக்கு நடுவில் வைக்காமல் திடல் ஓரமாகவோ லயத்துக்குப் பின்புற வெட்டவெளியிலோ வையுங்கள்.

சிற்றலைப் பட்டைகளில் கதை வேறு. 7 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 42 மீட்டர். அதில் கால் பங்கான 10 மீட்டர் உயரத்தில் கட்டிய கம்பி ஆண்டெனா சிக்னலை ஏறக்குறைய நேர் மேலே அனுப்பும். அது அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இறங்கும். பகலில் ஜொகூரிலிருந்து கிளந்தான்வரை பேச அதுவே சரியான உயரம். இன்னும் ஏற்றினால் நாட்டுக்குள் பேசுவதற்குக் கெடுதல்தான். 14 மெகாஹெர்ட்ஸில் அதே 10 மீட்டர் அரை அலைநீளமாகிவிடுவதால் கண்டம் தாண்டிப் பேசவும் போதும். அவசரகாலத்துக்கும் பெரிய கோபுரம் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது போர்ட் பிளேரில் வியூ4ஆர்பிஐ என்ற குறியில் இயங்கிக்கொண்டிருந்த பாரதி பிரசாத்தின் குழு, தொடர்பு அறுந்த அந்தமானிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி அனுப்பியது. அவர்கள் ஓட்டலில் தங்கி, தற்காலிகமாக ஆண்டெனா அமைத்திருந்தவர்கள். 2021 டிசம்பர் வெள்ளம் நம் மாநிலத்தையும் விட்டுவைக்கவில்லை. அப்படி ஒரு நாளில் வேலை செய்யப்போவது, நன்றாகப் பராமரித்த எளிய ஆண்டெனாதான்.

மரத்தில் கட்டுவது

செலவே இல்லாத வழி இது. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை ஆண்டெனாவின் நீளம் ஏறக்குறைய 20 மீட்டர். நடுவில் உயர்த்தி, இரு பக்கமும் சரிவாக இறக்கிக் கட்டலாம். மரத்தில் ஏறாதீர்கள். கெடாப்பெல்ட்டாலோ எறிகயிற்றாலோ மெல்லிய நூலை முதலில் கிளைமேல் போட்டு, பிறகு கயிற்றை இழுங்கள். வீட்டோரம் நிற்கும் பழ மரம் உதவும். முதிர்ந்த ரப்பர் மரத்தை நம்ப வேண்டாம், பலத்த காற்றில் கிளை முறியும். செம்பனையைத் தொடவே வேண்டாம். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை வெட்ட ஆள் வருவார்கள், மட்டையும் விழும், உங்கள் கம்பி அவர்கள் தலைக்கும் ஆபத்து. மரம் ஆடும்போது கம்பி அறாமல் இருக்க, கயிற்றைக் கப்பியில் ஓட்டி மறுமுனையில் ஒரு கனத்தைத் தொங்கவிடுங்கள். புதிதாக உரிமம் பெற்றவர் முதல் ஒரு வருடம் இதோடு இருந்தாலே போதும் என்பேன்.

சாய்க்கும் கம்பம்

துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை அடியில் கீல் வைத்து நிறுத்துவது இது. ஆந்தைக் கூண்டுக்குக் கம்பம் நட்ட பழக்கம் தோட்டத்தில் பலருக்கு உண்டு. எலியைக் கட்டுப்படுத்தக் களஞ்சிய ஆந்தையை வளர்க்கும் தோட்டங்களில் அது அன்றாட வேலை. ஆண்டெனாக் கம்பம் அதைவிட இரண்டு மூன்று மடங்கு உயரம் என்பதால் அந்த அனுபவத்தை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

தூக்கும் வேலையில் மிகக் கடினமான நேரம், கம்பம் தரையோடு கிடக்கும் ஆரம்ப நொடிகள்தான். அப்போதுதான் கயிற்றில் இழுவிசை உச்சத்தில் இருக்கும். அதனால் கீலுக்கு அருகில் செங்குத்தாக ஒரு துணைக் கம்பம் வைத்து, அதன் நுனி வழியாக இழுக்க வேண்டும். துணைக் கம்பம் பிரதான கம்பத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளமாவது இருக்கட்டும். தானாக நின்றுகொள்ளும் பிரேக் உள்ள கைவிஞ்ச் பயன்படுத்துங்கள். லோரியைக் கட்டி இழுக்காதீர்கள், ஓட்டுநருக்குக் கயிற்றின் இறுக்கம் தெரியாது. இருபக்க இழுகம்பிகளைத் தூக்கும் முன்பே நங்கூரத்தில் மாட்டிவிட்டால் கம்பம் பக்கவாட்டில் சரிவது குறையும். விழக்கூடிய வட்டத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது, பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

இழுகம்பிகள் மூன்று திசையில், 120 பாகை இடைவெளியில் இருக்கும். நங்கூரம் கம்ப உயரத்தில் 60 முதல் 80 விழுக்காடு தள்ளி இருக்க வேண்டும். 12 மீட்டர் கம்பத்துக்கு 7 முதல் 10 மீட்டர். இந்த இடம் தாமான் வீட்டுக்காரருக்குக் கிடைக்காது, நமக்குக் கிடைக்கும். ஆனால் அதே இடத்தில் டிராக்டர் வரும், மாடு மேயும், மாலையில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். ஒவ்வொரு இழுகம்பியின் கீழ்ப்பகுதியிலும் ஆள் உயரத்துக்கு மஞ்சள் பிவிசி குழாயை நுழைத்துவிடுங்கள். நங்கூரத்தை மரத்திலோ வேலியிலோ கட்டாமல் மண்ணுக்குள் கான்கிரீட்டில் பதியுங்கள். நைலான் கயிறு இழுபட்டு நீளும், வெயிலில் மக்கும். அது இழுகம்பிக்கு ஆகாது. எஃகுக் கம்பியை மடித்துப் பூட்டும் கிளிப்பில், யூ வளைவு வெட்டுமுனைப் பக்கமும் அடிப்பட்டை சுமை தாங்கும் பக்கமும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் சுமை தாங்கும் இழையே நசுங்கும். ஒரு முனைக்கு மூன்று கிளிப் போடுங்கள். டர்ன்பக்கிள் தானாகச் சுழன்று கழலாதபடி அதனூடே ஒரு கம்பியைக் கோத்துக் கட்டிவிடுங்கள்.

சட்டகக் கோபுரங்கள்

பெரிய யாகி ஆண்டெனாவும் சுழலியும் வேண்டுமென்றால் சட்டகக் கோபுரம் தேவைப்படும். காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் அதை யோசிக்கக் கூடாது. கட்டுமானங்களுக்கான மலேசியத் தரம் எம்எஸ் 1553 தீபகற்பத்துக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம், இடத்தைப் பொறுத்து, விநாடிக்கு 32.5 அல்லது 33.5 மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அந்தக் காற்றில் அரைச் சதுர மீட்டர் பரப்புள்ள ஆண்டெனா, கோபுர உச்சியை ஏறக்குறைய 40 கிலோ கனத்துக்குச் சமமாகப் பக்கவாட்டில் தள்ளும். ஏப்ரல் முதல் நவம்பர்வரை விடியற்காலையில் மேற்குக் கரையைத் தாக்கும் சுமத்திரா சூறைக்காற்று போர்ட்டிக்சன், லிங்கி பக்கத்தவர்களுக்குப் புதிதல்ல.

இழுகம்பிக் கோபுரத்தில் அந்தத் தள்ளலைக் கம்பிகள் வாங்கிக்கொள்கின்றன. தானே நிற்கும் கோபுரத்தில் முழுவதும் அஸ்திவாரத்துக்குப் போகிறது. அதனால்தான் அதற்கு அவ்வளவு கான்கிரீட். மண்ணைப் பார்த்து ஒரு பொறியாளர் கணக்குப் போட்டுத் தராமல் தானே நிற்கும் கோபுரத்தைத் தோட்டத்தில் எழுப்பக் கூடாது. தனி வீட்டுக்கு அது தேவையும் இல்லை. பள்ளியோ மன்றமோ சேர்ந்து செய்தால் சரி. பழைய கோபுரத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும்போது மனம் இளகும். குழாய்க் கால்கள் உள்ளிருந்து துருப்பிடிப்பவை, வெளிப்பூச்சு ஏமாற்றும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள், அடியில் நீர் வடியும் துளை அடைபட்டிருக்கிறதா பாருங்கள். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இந்தக் கோபுரங்களில் ஏறியே தீர வேண்டும். முழு உடல் ஹார்னஸ், அதிர்ச்சி தாங்கும் இரட்டைக் கயிறு, எந்த நொடியிலும் ஒரு கொக்கியாவது மாட்டியிருப்பது, கீழே ஹெல்மெட் அணிந்த துணை: இதில் ஒன்று குறைந்தாலும் ஏறக் கூடாது. இடுப்புப் பெல்ட் மட்டும் போதாது. விழுந்து தொங்குபவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்காவிட்டால் தொங்குவதே உயிருக்கு ஆபத்தாகும். பகாவ் பக்கத்து உள்தோட்டத்துக்கு மீட்புப் படை வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நீட்டிச் சுருக்கும் கோபுரம் என்றால் முழுக்க இறக்கிய பிறகும் அதன் சட்டத்துக்குள் கைகால் வைக்காதீர்கள். கம்பி அறுந்தால் அடுக்குகள் கத்தரியாக இறங்கும். ஏறும் முன் குளவிக் கூடு இருக்கிறதா என்று கீழிருந்தே பார்த்துவிடுங்கள்.

மின்கம்பியும் இடியும்

குலை வெட்டும் அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டு உயிர் போன செய்தி தோட்டத்தில் கேட்காதவர் குறைவு. ஆண்டெனாக் கம்பமும் அதே ஆபத்துதான். ஆண்டெனாவோடு சேர்த்து மொத்த உயரத்தை ஒன்றரையால் பெருக்குங்கள். அவ்வளவு தூரத்துக்குள் மேல்நிலை மின்கம்பி எதுவும் இருக்கக் கூடாது. 14 மீட்டர் என்றால் 21 மீட்டர். வீட்டுக்கு வரும் கம்பியும் இதில் அடக்கம். இடம் போதாதென்றால் கம்பத்தைக் குட்டையாக்குங்கள்.

உலகில் அதிகம் இடி இடிக்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. கம்பத்தின் அடியிலேயே எர்த் கம்பிகளை இறக்கி, அதை வீட்டு எர்த்தோடு இணைக்க வேண்டும். தனித்தனியாக விட்டால் மின்னழுத்த வேறுபாடு உங்கள் ரேடியோ வழியாகத்தான் பாயும். காய்ந்த செம்மண் மின்சாரத்தை எளிதில் வாங்காது, ஒரு கம்பி போதாது. செம்பைத் துத்தநாகப் பூச்சின்மேல் நேரடியாக வைத்து முறுக்காதீர்கள், பூச்சு அரிக்கும். துருப்பிடிக்காத எஃகுப் பட்டையை இடையில் வையுங்கள். எது செய்தாலும், மேகம் திரளும்போதே கோஆக்ஸ் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடுவதுதான் நம்பகமான வழி.

அனுமதி விஷயம் சுருக்கமாக. அழைப்புக்குறியைத் தருவது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம். அது கோபுரம் கட்டுவதற்கான அனுமதி ஆகாது. நிலம் கம்பெனியுடையது என்பதால் மேனேஜரிடம் எழுத்தில் வாங்குங்கள், மறுநடவு எப்போது என்றும் கேளுங்கள். சட்டகக் கோபுரம் என்றால் நகராண்மைக் கழகத்திடமோ மாவட்ட மன்றத்திடமோ விசாரியுங்கள். லாபு, நீலாய் வட்டாரத்தவர்களுக்குப் பக்கத்துச் சிப்பாங்கிலேயே விமான நிலையம் இருப்பதால் உயரக் கட்டுப்பாட்டையும் கேட்டறிவது நல்லது.

வருடத்துக்கு இருமுறை கம்பத்தை இறக்கிப் பாருங்கள்: துரு, கிளிப்பின் இறுக்கம், கயிறு, கேபிள் மூட்டில் தண்ணீர். கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். முதல் முறை தூக்கும்போது அனுபவமுள்ள ஹாம் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். 1952இல் தொடங்கிய மார்ட்ஸ் என்ற மலேசிய ஹாம் ரேடியோ சங்கத்தைக் கேட்டால் வழிகாட்ட ஆள் கிடைப்பார்கள். காற்று ஓய்ந்த காலை நேரம் கிடைக்காவிட்டால் வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.